நிறுத்தச் சொல்லும் புரதம்

பிப்ரவரி 5, திங்கள்

புத்தாண்டுக்கு யாரோ கொடுத்த டைரி. துணை மின்நிலையத்தில் உதவிப் பொறியாளராக இருந்தால் இப்படி நாலைந்து வந்து சேரும். வழக்கமாகப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குப் படம் வரையக் கொடுத்துவிடுவேன். இந்த வருடம் நீண்ட விடுப்பு, வீட்டில் பேசவும் ஆளில்லை. அப்பா டி.வி.யோடு பேசுகிறார், தங்கை கோமு கைப்பேசியோடு பேசுகிறாள். நான் இதனோடு பேசிக்கொள்கிறேன்.

விஷயம் இதுதான்: இடது மார்பில் கட்டி. புற்றுநோய். எழுதிவிட்டேன். வீட்டில் யாரும் இந்தச் சொல்லைச் சொல்வதில்லை. அப்பா "அது" என்கிறார்.

கோவில்பட்டியிலிருந்து மூன்று பேரும் காரில் மதுரைக்குப் போய் வந்தோம். அறுவைச் சிகிச்சை டாக்டர் நல்ல மனிதர், முகத்தைப் பார்த்துப் பேசுகிறார். இரண்டு வழி சொன்னார். மார்பை முழுக்க எடுத்துவிடலாம். அல்லது கட்டியை மட்டும் எடுத்துவிட்டு, மிச்சம் மீதியைக் கதிர்வீச்சால் அழிக்கலாம். எனக்கு முப்பத்திரண்டுதான் ஆகிறது என்பதால் தோண்டித் தோண்டிக் கேட்டார். "குடும்பத்துல வேற யாருக்காவது கேன்சர் வந்திருக்கா? சின்ன வயசுல இறந்தவங்க யாராவது உண்டா?"

அம்மா டெங்குவில் போனவள். அவள் பக்கத்தில் எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். அப்பா பக்கத்தைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே முந்திக்கொண்டார். "எங்க பக்கம் அப்படி யாருமே கெடையாது சார். எல்லாரும் கல்லு மாதிரி."

அப்படியானால் கட்டியை மட்டும் எடுக்கலாம் என்றார் டாக்டர். ஆனாலும் இரண்டுக்கும் என்னிடம் சம்மதக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். உள்ளே பார்த்துவிட்டுக் கடைசி முடிவு எடுப்பாராம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கல்யாணமே ஆகாதவளுக்கு எதற்கு இந்தச் சந்தோஷம் என்று கேட்க ஆளிருக்கிறது. என் உடம்பு, எனக்கு வேண்டும். அவ்வளவுதான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

வியாழக்கிழமை அறுவை முடிந்தது. இன்று வீட்டுக்கு வந்துவிட்டேன். கட்டி சின்னது, ஆரம்ப நிலை. கீமோ வேண்டாம், கதிர்வீச்சும் மாத்திரையும் போதும் என்கிறார்கள்.

கோமுவுக்கு நிச்சயம் செய்திருக்கும் மாப்பிள்ளை சங்கரபாண்டி சாத்தூரிலிருந்து லீவு போட்டுவிட்டு வந்து அன்று முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றிருக்கிறார். வைகாசியில் கல்யாணம். இப்போதே என்னை "மயினி, மயினி" என்று முறை சொல்லி வாய் நிறையக் கூப்பிடுகிறார். பெண்ணெடுக்கும் வீட்டில் நோய் என்று தெரிந்தும் முகம் சுளிக்காத மனிதர். என் விஷயத்தில் வந்தவர்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் முகம் மாறிப் போனார்கள். அப்பாவின் சொந்த ஊரான கடையநல்லூர்ப் பக்கத்து வரன்கள் எல்லாமே ஒரே மாதிரி. நிறம் என்றார்கள், வேலை என்றார்கள், கடைசியில் ஒன்றும் சொல்லாமலே போனார்கள். கோமுவுக்கு அப்பா சொந்த ஊர்ப்பக்கமே பார்க்கவில்லை. புத்திசாலித்தனம்தான்.

மயக்கம் தெளிந்து கண் விழித்தபோது கோமு பக்கத்தில் இருந்தாள். அழுது அழுது கண் இட்லி மாதிரி வீங்கியிருந்தது. "ஒன்னும் இல்லக்கா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுட்டு" என்று என் காலைத் தடவிக்கொண்டே இருந்தாள். எனக்காக அழ ஒருத்தி இருக்கிறாள் என்று மனம் நிறைந்துபோனது.

மார்ச் 11, திங்கள்

இன்று முதல் கதிர்வீச்சு. மதுரையில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். ஒரு பெரிய இயந்திரத் தலை என்னைச் சுற்றி வருகிறது. வலியே இல்லை. "பயமா இருக்கா மேடம்?" என்று கேட்டான் அதை இயக்கும் பையன். "நடுவுல கரண்ட் போச்சுன்னா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன். ஜெனரேட்டர் வரை கூட்டிப்போய்க் காட்டினான். திருப்தி.

மார்ச் 20, புதன்

தோல் கருத்து எரிகிறது. கற்றாழை தடவலாமா என்று கேட்டதற்கு நர்ஸ் முறைத்தார்.

ஏப்ரல் 5, வெள்ளி

முடிந்தது. அந்தப் பையனுக்கும் நர்ஸுக்கும் அல்வா கொடுத்தேன். ஊருக்கு வந்தால் வீடெல்லாம் கல்யாணக் களை. தாம்பாளம், குத்துவிளக்கு, பத்திரிகைக் கட்டு. கோமுவின் முகூர்த்தப் புடவை அரக்கு நிறம். "ஒனக்கும் ஒன்னு எடுத்திருக்கேன்க்கா" என்று மாம்பழ மஞ்சளில் ஒரு பட்டுப்புடவையை மடியில் வைத்தாள். எனக்கு மஞ்சள் பொருந்தாது. கட்டிக்கொள்வேன்.

ஏப்ரல் 14, ஞாயிறு

சித்திரை ஒன்று. பாயசம் அடி பிடித்துவிட்டது.

கடையநல்லூரிலிருந்து பேச்சியம்மாள் அத்தை வந்திருந்தாள். அப்பாவுக்கு ஒன்றுவிட்ட அக்கா. நான்கு வருடமாகப் போக்குவரத்து இல்லை. பத்திரிகை போனதும் பார்க்க வந்துவிட்டாள். என் அறைக்குள் வந்து கட்டிலில் உட்கார்ந்து என் கன்னத்தை வழித்தாள். "செல்லத்தாயி மாதிரியே இருக்கியேம்மா. அவளுக்கும் இப்பிடித்தான் மார்ல கட்டி வந்து இருவத்தெட்டு வயசுல போயிட்டா. அதுக்கு முந்தியே சின்னவன் சுடலைக்குக் கால் எலும்புல. பத்து வயசுப் பய. எங்க சித்தப்பாவுக்கு, ஒங்க தாத்தாவுக்குத்தான், தலைக்குள்ள. அந்த ரத்தத்துல என்ன சாபமோ."

செல்லத்தாய் அத்தை அப்பாவின் தங்கை. காமாலையில் செத்தாள் என்றுதான் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். சுடலைச் சித்தப்பா கிணற்றில் விழுந்தார் என்று. தாத்தாவுக்கு மாரடைப்பு.

நான் மேலே கேட்பதற்குள் கோமு உள்ளே வந்து, "அத்த, காப்பி ஆறுது வாங்க" என்று கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிப்போய்விட்டாள். கோமுவுக்குச் சாவுப் பேச்சே ஆகாது.

அத்தை போனபின் அப்பாவிடம் கேட்டேன். டி.வி.யிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவளுக்கு ஓர்ம கெட்டுப்போச்சும்மா, ஆள மாத்தி ஆள சொல்லுதா" என்றார். இருக்கலாம். அவளுக்கு எழுபதுக்கு மேல் ஆகிறது.

ஏப்ரல் 18, வியாழன்

ஆறப்போடுவது என் சுபாவம் இல்லை. யாரையும் கூட்டிக்கொள்ளாமல் பஸ்ஸில் மதுரைக்குப் போனேன். அத்தை சொன்னதை டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"நான் ரெண்டு தடவை கேட்டேனேம்மா" என்றார். குரலில் கோபமா வருத்தமா தெரியவில்லை.

கேட்டது ஒரு தடவைதான். பிப்ரவரியில், அந்த அறையில். நாள் முழுக்க நூறு பேரைப் பார்க்கிறவர், குழம்பியிருப்பார். நான் திருத்தவில்லை.

மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்துக்கொண்டார்கள். முடிவு வர மூன்று வாரம் போல ஆகும். அதுவரை வீட்டில் ஒன்றும் சொல்லப்போவதில்லை. கல்யாண வீட்டில் எதற்கு வீண் பீதி. எல்லாம் கிழவியின் உளறல் என்று ஆகிவிட்டால் அப்பாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொள்வேன்.

மே 8, புதன்

உளறல் இல்லை.

முடிவை விளக்கியவர் டாக்டர் நசீமா, மரபணு மருத்துவர். என் வயதுதான் இருக்கும். நான் இன்ஜினியர் என்றதும் வெள்ளைத்தாளை எடுத்துப் படம் போட ஆரம்பித்துவிட்டார். இரண்டு மணி நேரம் பேசினோம். புரிந்ததை என் பாஷையில் எழுதி வைக்கிறேன், நாளைக்கு ஆத்திரத்தில் மறந்துவிடக் கூடாது.

உடம்பின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் பி53 என்று ஒரு புரதம் உண்டு. செல் இதைச் செய்துகொண்டே இருக்கும், செய்த கையோடு அழித்துக்கொண்டும் இருக்கும். வேலையற்ற வேலை என்று தோன்றும். ஆனால் செல்லுக்கு ஒரு நெருக்கடி வரும்போதுதான் அதன் அருமை தெரியும். வெயில், கதிர்வீச்சு, ரசாயனம், பிராணவாயுப் பற்றாக்குறை, எதுவானாலும் சரி. உள்ளேயிருக்கும் டி.என்.ஏ. என்னும் மரபுச் சரடு அறுந்துவிட்டால் சேதி பறக்கும். உடனே அழிப்பது நின்றுவிடும். பி53 மளமளவென்று பெருகும்.

பெருகி முதலில் ஓர் ஆணை இடும்: நில். செல் இரண்டாகப் பிரிவதை அந்த இடத்திலேயே நிறுத்தும். அறுந்ததைச் சரிசெய்யும் ஆட்களை வரவழைக்கும். சரியானால் மறுபடி ஓடவிடும். சேதம் அளவுக்கு மீறிப் போயிருந்தால் அந்தச் செல்லைத் தன்னைத்தானே முடித்துக்கொள்ளச் சொல்லும். அது கெட்டுப் பெருகி ஊரைக் கெடுப்பதைவிடச் சாவது மேல். எங்கள் பீடரில், அதாவது மின்பாதையில், எங்காவது பழுது என்றால் ரிலே பிரேக்கரைத் திறந்து மின்சாரத்தை நிறுத்தும், அதோடு சரி. இது சேதத்தை எடைபோட்டு முடிவெடுக்கிறது. எங்கள் ரிலேவைவிடப் புத்திசாலி.

அந்தப் புரதத்துக்கான மரபணு ஒவ்வொருவருக்கும் இரண்டு. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. என்னுடையதில் ஒன்று பிறக்கும்போதே பழுது. பி53 தனியாக வேலை செய்யாது, நான்கு நான்காகச் சேர்ந்துதான் செய்யும். அந்த நான்கில் பழுதான ஒன்று புகுந்துவிட்டால் நல்லவையும் சேர்ந்து கெட்டுப்போகலாம் என்றார். இப்படிப்பட்ட குடும்பங்களில் குழந்தைக்கு எலும்பில் வரும், இளம்பெண்ணுக்கு மார்பில் வரும், மூளையில் வரும். சுடலை, செல்லத்தாய், தாத்தா. வரிசையாக வந்து என் முன்னால் நின்றார்கள்.

"அப்ப கதிர்வீச்சு?" என்று கேட்டேன்.

டாக்டர் நசீமா தாளில் வரைந்திருந்த சரட்டின் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். "கதிர்வீச்சோட வேலையே செல்லோட சரட்டை அறுக்கிறதுதாங்க. கட்டி செல் சாகும். சுத்தியிருக்கிற நல்ல செல் நின்னு, சரிபண்ணிட்டு எழுந்திரும். உங்களுக்கு அந்த நிக்கச் சொல்ற ஆளே அரைகுறை. அறுந்ததோட அது பெருகினா, பத்து வருஷத்துலயோ முன்னாடியோ அதே இடத்துல புதுசா வேற கட்டி வர்றதுக்கு வாய்ப்பு கூடும். கட்டாயம் வரும்னு சொல்லல. ஆனா முன்னாடியே தெரிஞ்சிருந்தா மார்பை முழுசா எடுத்திருப்போம். கதிர்வீச்சைத் தவிர்த்திருப்போம்."

இனி வருடாவருடம் உடம்பு முழுக்க ஸ்கேன். அதுவும் கதிர் இல்லாத ஸ்கேன். எழுந்து வரும்போது கேட்டார்: "உங்களுக்குத் தங்கை இருக்காங்கன்னு சொன்னீங்க. அவங்களுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. இப்பவே தெரிஞ்சா உயிரைக் காப்பாத்திரலாம். எப்ப கூட்டிட்டு வர்றீங்க?"

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. என்னைப் பற்றி நினைக்கவே இல்லை. கோமு, கோமு என்றுதான் அடித்துக்கொண்டது. இருபத்தாறு வயது. அவளை எப்படியாவது காப்பாற்ற வேண்டும்.

மே 9, வியாழன்

கோமு தோழி வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பாவின் டி.வி.யை அணைத்தேன். "அத்தைக்கு ஓர்ம நல்லாத்தான் இருக்கு" என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. துண்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

அப்பாவும் மின்வாரியத்தில் இருந்தவர்தான். போர்மேனாக ஓய்வு பெற்றவர். எங்கள் வேலையில் ஓர் ஆள் கம்பத்தில் ஏறுவதற்கு முன்னால் துணை மின்நிலையத்திலிருந்து 'லைன் கிளியர்' கொடுக்க வேண்டும். கம்பியில் மின்சாரம் இல்லை, நம்பி ஏறு என்கிற வாக்கு. அப்பா நேரில் போய்ச் சுவிட்சைப் பார்க்காமல் ஒருநாளும் அந்த வாக்கைக் கொடுத்தவரில்லை. அவர் காலத்தில் ஒரு லைன்மேன்கூடக் கருகவில்லை என்று இன்றைக்கும் டீக்கடையில் பேசுவார்கள். அந்த ஆள் என் விஷயத்தில் தெரிந்தே பொய் லைன் கிளியர் கொடுத்திருக்கிறார். நான் நம்பி ஏறினேன்.

இதை அவரிடம் அப்படியே கத்தினேன். தெருவுக்கே கேட்டிருக்கும், கேட்கட்டும்.

"வெளிய தெரிஞ்சா கோமுவ எவன் கெட்டுவான்? ஒனக்கு வந்தவன் பூராம் விசாரிச்சுட்டுத்தானம்மா ஓடுனான்" என்றார் அப்பா. பத்து வருடமாக என் நிறம், என் வேலை, என் வாய்த்துடுக்கு என்று நான் எதையெதையோ நொந்துகொண்டிருந்தேன். இந்த மனிதர் அதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்திருக்கிறார்.

"டாக்டர் அவ்வளவு தூரம் கேட்டாரே, அப்பகூட மனசு வரலையா?"

"நான் ஒரு தடவதாம்மா சொன்னேன். சாமி சத்தியமா ஒரு தடவதான். ரெண்டாவது நான் சொல்லல" என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ரெண்டாவது யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை. தலைவலி.

மே 11, சனி

சீர்ப் பாத்திரங்கள் வந்து இறங்கியிருந்தன. கோமு கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக விலைச்சீட்டை உரித்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து ஒரு தூக்குச்சட்டியை எடுத்துத் துடைத்தேன். டாக்டர் நசீமா சொன்ன எல்லாவற்றையும் மெதுவாகச் சொன்னேன். பயமுறுத்தக் கூடாது என்று வார்த்தையைத் தேடித் தேடிச் சொன்னேன். அவள் பயப்படவில்லை. தலையைக்கூடத் தூக்கவில்லை.

"ஒனக்கு முன்னாலயே தெரியுமாட்டி?"

"நிச்சயத்துக்கு முந்தி அப்பா சொன்னாவ. அவுக வீட்ல பேச்சு வந்தா ஒளறிறக் கூடாதுன்னு."

"என்ட்ட ஏன் சொல்லல?"

"நீ சொல்லிருவ. ஒனக்குப் பொய் வராது."

அப்புறம்தான் கேட்டேன். "டாக்டர் ரெண்டு தடவ கேட்டாராம்."

துடைத்துக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "தியேட்டர்ல இருந்து வெளிய வந்து கேட்டாரு. வயசு ரொம்பக் கம்மியா இருக்கு, குடும்பத்துல யாருக்காவது இருந்தா இப்பவே சொல்லுங்க, முழுசா எடுத்துட்டா கதிர்வீச்சே வேண்டாம்னாரு. அப்பா அழ ஆரம்பிச்சுட்டாவ. வாயத் தொறந்து சொல்லப்போனாவ. அவுக பக்கத்துல நின்னாவ."

"யாரு?"

"அவுகதான்."

சங்கரபாண்டி.

"அப்பா கையப் பிடிச்சு நிப்பாட்டிட்டு, எங்க குடும்பத்துல யாருக்கும் இல்ல சார்னு நான்தான் சொன்னேன்."

நான் உள்ளே வெட்டுப்பட்டுக் கிடந்த நேரம். என் காலைத் தடவித் தடவி அழுதது எதற்கென்று இப்போது தெரிகிறது. என் உடம்பைப் பற்றி இரண்டு பேர் என் உடம்புக்கு வெளியே நின்று முடிவு செய்திருக்கிறார்கள். அதில் ஒருத்தியை மூன்று நாளாக நான் காப்பாற்றத் துடித்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சிரிப்புகூட வந்தது.

"கதிர்வீச்சு இவ்வளவு கெடுதல்னு எனக்குத் தெரியாதுக்கா" என்றாள். சரி, அது உண்மையாக இருக்கலாம். அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஒனக்குத்தான் வந்துட்டே. வந்தது வந்துட்டு. எனக்கு இன்னும் வாழ்க்கையே ஆரம்பிக்கலியே" என்றாள்.

தூக்குச்சட்டி என் கையிலிருந்து பறந்து சுவரில் மோதி ஒடுங்கியது. அவள்மேல் படவில்லை. படட்டும் என்றுதான் எறிந்தேனோ என்னவோ.

"சங்கரபாண்டிட்ட நீயே சொல்லணும். முகூர்த்தத்துக்கு முந்தி ரத்தம் குடுக்கணும். இல்லன்னா நான் சொல்லுவேன்" என்றேன்.

"ஒனக்குக் கல்யாணம் ஆகலன்னு எனக்கும் ஆகக் கூடாதா?" என்று கேட்டாள்.

பொறாமையா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். இல்லை. அவள் சாகாமல் இருக்க வேண்டும், அதற்கு மட்டும்தான்.

மே 13, திங்கள்

வேலையில் சேர்ந்துவிட்டேன். கோடைமழையில் கழுகுமலை பீடரில் மரம் விழுந்தது. பிரேக்கர் ஒழுங்காகத் திறந்துகொண்டது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வீட்டில் மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிடுகிறோம்.

மே 15, புதன்

சங்கரபாண்டி அலுவலகத்துக்குப் போன் செய்தார். "மயினி, கோமு எல்லாம் சொல்லிட்டா" என்றார். "நான் வேண்டாம்னு சொல்லல. அம்மாதான் ரிசல்ட் வரட்டும், தேதிய தள்ளிப்போடுவோம்ங்காவ." அதற்கு என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அவருக்கும் தெரிந்திருந்தது. "அன்னைக்கு நானும் அங்கதான நின்னேன்? என்ட்ட சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

என்னிடமும்தான்.

மே 17, வெள்ளி

கோமு ரத்தம் கொடுத்தாள்.

நான் காலை பஸ்ஸில் போய் டாக்டர் நசீமாவின் அறைக்கு வெளியே காத்திருந்தேன். அவள் அடுத்த பஸ்ஸில் தனியாக வந்தாள். வந்து எனக்கு ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து எத்தனை நாளானதோ. "எனக்குத் துரோகம் பண்ணிட்டேல்ல" என்றாள், எதிர்ச் சுவரைப் பார்த்தபடி. அந்த வார்த்தையை நான் இத்தனை நாளில் அவளிடம் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அவள் முந்திக்கொண்டாள்.

உள்ளே கூப்பிட்டார்கள். கூட யாராவது வாங்க என்றார் நர்ஸ். போனேன். கோமுவின் வலது முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டித் தேடினார். அவளுக்கு நரம்பு அகப்படுவது கஷ்டம். முதல் குத்து தவறிவிட்டது. இரண்டாவது ஊசியைப் பிரிக்கும் சத்தம் கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, இடது கையை என் பக்கம் நீட்டினாள். "அக்கா" என்றாள்.

கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தேன். அவளுக்கு அந்த நோய் இல்லை என்று வரட்டும் என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். மனமாரத்தான் வேண்டினேன். ரத்தம் குழாயில் ஏறி நிறையும்வரை அந்தக் கை அப்படியே நீட்டியபடி இருந்தது.

நான் பிடிக்கவில்லை.